படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார்

சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதி, எங்கள் கோர்ட்டில் முன்சீப் என்போம், இங்கிலீஷில் எழுதுவார். சாட்சி கூண்டை விட்டு இறங்குமுன், எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அது பெஞ்சு கிளார்க்கின் வேலை. வாங்கிய பிறகு அடியில் ஒரு வரி எழுத வேண்டும்: படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார். அறுபதுகளில் பத்து வருஷம் போல நான் அந்த வரியை எழுதிச் சம்பளம் வாங்கினேன். அதில் எத்தனை தடவை உண்மையிலேயே படித்துக் காட்டினேன் என்று கேட்டால், ஒரு கை விரல்களே மிஞ்சும்.

யாரும் படித்துக் காட்டுவதில்லை. வராந்தாவில் அடுத்த சாட்சி காத்திருப்பார், வக்கீல் கடிகாரத்தைப் பார்ப்பார், எனக்கோ பசிக்கும். "இங்குட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தைத் தள்ளுவேன். அவர்களும் கோர்ட்டை விட்டு வெளியே போனால் போதும் என்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் காரைக்குடியில் குடியிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் கோர்ட்டு. எந்தக் கோர்ட்டு என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கட்டடத்தின் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வழக்கு ஒரு ஆச்சியினுடையது. பிள்ளையில்லாதவர், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய வீட்டில் அவர் பங்குக்கு உள்ளது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அடுப்பு அங்கேதான் எரிந்தது. கொழுந்தன் மகன் அந்த அறைகளின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, "பெரியம்மா முப்பது வருஷத்துக்கு முன்னாடியே விட்டுக்கொடுத்துட்டாக, அந்த வாசலும் அப்பவே அடைச்சதுதான்" என்று சாதித்தார். வாசல் எப்போது அடைபட்டது என்பதில்தான் வழக்கே நின்றது.

அந்தக் கதவைக் கழற்றிய ஆசாரி ஆச்சிக்காகச் சாட்சி சொல்ல வந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியிருந்தார். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், பலகையின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். நீதிபதியையும் அப்படித்தான் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"போன வருசம் ஐப்பசியிலதான்யா கழட்டினேன்" என்றார். "நாலு கீலும் நல்லா எண்ணெ போட்டு இருந்துச்சு. முப்பது வருசம் அடைச்ச கதவுல எவன்யா எண்ணெ போடுவான்? மறுநா கொத்தனார் வந்து செங்கல் வச்சாரு. அன்னைக்குக் காலையில வரைக்கும் ஆச்சி அந்த ரூம்புலதான் காப்பி போட்டுக் குடுத்தாக. நான் குடிச்சேன்."

அதைவிடத் தெளிவாக ஒருவர் சாட்சி சொல்லிவிட முடியாது. நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவர் மேடைக்குக் கீழே என் நாற்காலி. ஆசாரி பேசியது நிறைய, பேனா ஓடியது கொஞ்சம். காகிதத்தை என்னிடம் நீட்டியபோது ஒரு வரி என் கண்ணில் பட்டது. வாசல் வெகுகாலத்துக்கு முன்பே அடைக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், எப்போது என்று எனக்கு நேரடியாகத் தெரியாது என்று அதற்கு அர்த்தம். பார்க்கவே இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். "இங்குட்டுப் போடுங்க ஆசாரி" என்றேன். அவர் தமிழில் நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் என் வரியை எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு. ஆச்சி வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின் பெஞ்சில் இருந்தார், ஆசாரியும் வந்திருந்தார். நீதிபதி தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வாதியின் சொந்தச் சாட்சியே வாசல் வெகுகாலத்துக்கு முன்பு அடைபட்டது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே வழக்குத் தள்ளுபடி என்றார்.

"யாரு, நானா?" என்று குரல் வந்தது.

டவாலிச் சேவகர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். ஆசாரி அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "நான் அப்படிச் சொல்லலையேய்யா. ஐப்பசின்னு சொன்னேன். இந்தா இருக்காக கிளார்க் ஐயா, கேளுங்க."

கோர்ட்டு முழுக்க என்னைப் பார்த்தது. நான் கட்டு ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"வெளியே போ" என்றார் நீதிபதி.

"போறேன்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த வீட்டுல ரெண்டாங்கட்டு வாசல் நிலை, பர்மாத் தேக்கு, மேலே லெச்சுமி செதுக்கினது. அதைப் பிரிச்சு, வைக்கோல் வச்சுப் பெட்டி அடிச்சு, புதுவயல் லாரியில ஏத்தினவனும் நான்தான். எங்குட்டுப் போகுதுன்னு டிரைவர்கிட்டக் கேட்டேன். நம்ம முன்சீப் ஐயா ஊருல வீடு கட்டுறாகல்ல, அங்கன்னான். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணலை. இப்பத் தோணுது."

நீதிபதியின் முகம் சிவக்கவில்லை, வெளுத்தது. "மரத்தை இழைச்சுப் பிழைக்கிறவன் நீ. உன் பட்டறையில போய் இழைப்புளியைத் தள்ளு. இங்கே வந்து நியாயம் பேசாதே" என்றார். பிறகு இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று, ஆகவே பொய்ச்சாட்சி. கோர்ட்டை அவமதித்தது தனி. ஆசாரி மீது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் ஆனது.

அடுத்த சில வாரங்களில் ஊர் நடந்துகொண்ட விதத்தை எழுதக் கை கூசுகிறது. நிலை லாரியில் போனது பாதி ஊருக்கு முன்பே தெரியும். ஆனால் கோபம் நிலையை அனுப்பினவர் மேல் இல்லை, வாங்கினவர் மேல் இல்லை, அதைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொன்னவர் மேல். வேலை நடந்துகொண்டிருந்த இரண்டு வீடுகளில் ஆசாரியை நிறுத்திவிட்டார்கள். வக்கீல்கள் ஒருவர்கூட அவர் கேஸை எடுக்கவில்லை. அவர் சொந்தக்காரர்களே "இவனுக்கு எதுக்கு இந்த வேலை, இனிமே நம்மளை எவன் வீட்டுக்குள்ள விடுவான்" என்றார்கள்.

எல்லாரையும்விட அதிகமாக அவரை வெறுத்தவன் நான். "கிளார்க் ஐயாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாரே! நல்ல சாட்சி சொல்லி, நல்லபடி கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன், என் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான் என்று பொருமினேன். போதாக்குறைக்கு ஆசாரி, தனக்குப் படித்துக் காட்டவே இல்லை என்று ஜில்லா கோர்ட்டுப் பெரிய நீதிபதிக்கு மனு எழுதிப்போட்டார். விசாரணை வைத்தார்கள். படித்துக் காட்டினாயா இல்லையா என்று சொல்ல வரும்படி எனக்கு ஓலை வந்தது. இல்லை என்றால் வேலை போகும். ஆமாம் என்றால் ஆசாரி ஜெயிலுக்குப் போவார். நடுவில் நிற்க இடமே இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க முறை உண்டு, அந்த வாரம் என் முறை. எனக்கு நல்ல குரல், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாசிக்க வேண்டிய பகுதியைச் சனிக்கிழமை மதியம் எடுத்துப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டும் காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டும் இருந்த ஒரு தீர்க்கதரிசி பேசுகிற பகுதி. அவர் நாட்டில் ஊர் வாசல்தான் கோர்ட்டு. பெரிய மனிதர்கள் அங்கே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்கள். பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கிக்கொண்டு ஏழையின் வழக்கைப் புரட்டுகிறீர்கள், வாசலில் நின்று உண்மை பேசுகிறவனைக் கண்டால் உங்களுக்கு ஆகவில்லை என்று அவர் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். பின்னால் ஒரு இடத்தில் ராஜாவின் கோயில் குரு அவரைப் பார்த்து, உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள், இங்கே பேசாதே என்கிறார். இழைப்புளியைத் தள்ளு என்று எங்கள் நீதிபதி சொன்னதும் அதுதானே!

சாயங்காலம் சபைச் செயலாளர் வந்தார். கொழுந்தன் மகனின் வக்கீலும் அவர்தான். காப்பி குடித்தார், என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்.

"நாளைக்கு வேற பகுதி வாசிச்சா என்ன?" என்றார். "சங்கீதம் ஏதாச்சும்."

"முறைப்படி இதுதானே வருது?"

"வருது வருது. நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லலை. ஆனா அதே பகுதியிலயே இன்னொண்ணும் இருக்கு, பாத்தீகளா? காலம் கெட்டுக் கிடக்கும்போது விவரமுள்ளவன் பேசாம இருப்பான்னு. அதையும் விட்டுறாம வாசிங்க." எழுந்து செருப்பை மாட்டும்போது, "விசாரணையில ஒங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லலை. படிச்சுக் காட்டினதா நீங்கதான் கைப்பட எழுதியிருக்கீக. எழுதினதைத் திரும்பச் சொல்லப்போறீக, அவ்வளவுதானே?" என்றார்.

மறுநாள் நான் வாசித்ததை அந்தச் சபை அதுவரை கேட்டிருக்காது. முன்வரிசையில் இருந்த வக்கீலின் கண்ணைப் பார்த்தே வாசித்தேன். பரிதானம் என்ற இடத்தில் நிறுத்தினேன். வாசல் என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. ஆடு மேய்த்த தீர்க்கதரிசி நானே என்று நினைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா வாசிச்சீக" என்றார். அவருக்கு ஒரு கீறலும் விழவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்கு வாசிச்சதுல பாதி சத்தம் அன்னைக்கு அந்த ஆசாரிக்கு வாசிச்சிருந்தாப் போதுமே."

எனக்கு வந்த கோபத்தில் அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பகுதியில் வைது பேசப்பட்டிருக்கிற ஆட்களில் நானும் ஒருவன் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நிலையை வாங்கியவரை விடுங்கள். வாசலில் உண்மை பேசியவனைப் பகைத்தவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறதே, அதில் முதல் ஆள் நான்.

புரிந்தும் என்ன செய்தேன்? திருப்பத்தூர் வழியாகப் பஸ் மாறிப் பெரிய கோர்ட்டுக்குப் போனேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வராந்தாவில் ஆசாரி துவைத்த வேட்டியோடு பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஐயா, நடந்ததைச் சொன்னாப் போதும், கூடக் கொறைய ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்கு ஆதரவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

உள்ளே பெரிய நீதிபதி தனியாக இருந்தார். நல்ல மனிதர் என்று பெயர். மரியாதையாகத்தான் கேட்டார். "இந்த வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டினீரா?"

வாயைத் திறந்தேன். பிள்ளைகள் மூன்று பேரின் முகம் தெரிந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, தெரிந்தது, அவ்வளவுதான். "வழக்கப்படி செய்தேன், ஐயா" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "அதாவது, படித்துக் காட்டினீர்."

நான் தலையை அசைத்தேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஆசாரி எதிரே வந்து நின்றார். "சொன்னீகளா?"

"சொன்னேன்" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் திரும்பும்வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் மடித்த காகிதம். மனுவுக்கு உத்தரவு வந்துவிட்டது, இங்கிலீஷில் இருக்கிறது, வக்கீல் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். "எனக்காகச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். வாசிச்சு அர்த்தம் சொல்லுங்கய்யா. அடுத்த வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல காட்டணும்ல."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம். மனு தள்ளுபடி. இரண்டாம் பக்கத்தில் என் பெயரும், நான் சொன்னதும் இருந்தன. எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? என் மனைவி உள்வாசலில் வந்து நின்றாள். நான் முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை. பெஞ்சு கிளார்க்கை நேரில் விசாரித்ததில், வாக்குமூலத்தைச் சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்டியதாகவும், சாட்சி சரியென்று ஒப்புக்கொண்டதாகவும் கூறினார் என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்த இடத்தை இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

இந்த முறை ஒரு கண்ணை மூடவில்லை, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் உள்ள போறது உறுதிதான்" என்றார். பிறகு, "அடுத்த வாரம் வந்து நெசத்தைச் சொல்லுவீகளா?" என்று கேட்டார்.

"வர்றேன்" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

இந்த முறை போனேன். கூண்டில் ஏறி, படித்துக் காட்டவில்லை, அவருக்கு மட்டுமில்லை, அநேகமாக யாருக்கும் காட்டியதில்லை, ஆசாரி கோர்ட்டில் சொன்னது ஐப்பசி என்றுதான், என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். அரசாங்க வக்கீல் சாவகாசமாக எழுந்து, பெரிய கோர்ட்டில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது."

"தேவைப்பட்டா பொய் சொல்லுவீக, இல்லையா?"

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சொன்ன உண்மையைத் தூக்கிப்போட அவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. என் கையெழுத்தே போதுமாக இருந்தது. ஆசாரிக்கு இரண்டு மாதம் என்றார்கள்.

எனக்கு வேலை போனது. சபையில் வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டார்கள். யாரும் வந்து சொல்லவில்லை, அடுத்த முறை வேறு ஒருவர் எழுந்து போனார். நீதிபதி மாற்றலாகிப் பெரிய ஊருக்குப் போனார். ஆச்சி இரண்டு தகரப் பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அன்றைக்குத் தீர்ப்பானதும் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்ட்டு வராந்தாவில் கூட்டம் கலைந்த பிறகு அவருடைய மனைவி மட்டும் தூணோரம் நின்றார். நான் இறங்கிப்போக அந்த வழியைத் தவிர வேறு வழி இல்லை. பக்கத்தில் போனதும் அவர் சேலை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். அழுது முடித்துவிட்ட முகம்.

"இன்னைக்குச் சொன்னதை ஒரு மாசத்துக்கு முன்னாடி பெரிய கோர்ட்டுல சொல்லியிருந்தா, அவுக இப்ப என்கூட வீட்டுக்கு வந்திருப்பாகல்ல?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.